ஆய்வுக்கு ஆள் தேர்வு: எக்ஸெல் குலுக்கிப் போடும் சீட்டு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல் தொகுப்பில் என்ன செய்கிறார்கள்? மாத வரவு செலவு, பால் கணக்கு, கல்யாணத்திற்கு அழைக்க வேண்டியவர்களின் முகவரிப் பட்டியல். பெரும்பாலோர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அதே எக்ஸெலுக்குச் சீட்டுக் குலுக்கிப் போடவும் தெரியும். கல்லூரியில் ஆய்வு செய்யும் மகனோ மகளோ உங்கள் வீட்டில் இருந்தால், இந்த ஒரு வசதி அவர்களுடைய ஆய்வையே காப்பாற்றும். எப்படி என்று பார்ப்போமா?

என் சித்தி மகள் எம்.எஸ்சி. நர்சிங் படித்தாள். இறுதி ஆண்டில் ஓர் ஆய்வு செய்ய வேண்டும். தான் முன்பு படித்த கல்லூரியின் பெண்கள் விடுதியை எடுத்துக்கொண்டாள். அங்கே 480 மாணவிகள். அவர்களில் 60 பேருக்கு இரத்தப் பரிசோதனை செய்து, எத்தனை பேருக்கு இரத்தசோகை இருக்கிறது என்று கண்டறிய வேண்டும். 480 பேருக்கும் பரிசோதனை செய்யப் பணமும் இல்லை, நாளும் இல்லை.

“அறுபது பேரை எப்படித் தேர்ந்தெடுக்கப் போகிறாய்?” என்று கேட்டேன்.

“ரேண்டமாத்தான் அண்ணா. சாயங்காலம் விடுதிக்குப் போவேன். எதிர்ல வர்ற அறுபது பேரைக் கூப்பிடுவேன்.”

கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றுகிறது. யாரையும் அவள் வேண்டுமென்று தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். இரத்தசோகை உள்ள பெண் எப்படி இருப்பாள்? படியேறினால் மூச்சு வாங்கும். சாயங்காலம் கல்லூரியில் இருந்து வந்ததும் சோர்ந்து போய் அறையில் படுத்துவிடுவாள். வராந்தாவில் எதிரே சிரித்துக்கொண்டு வருபவள் தெம்பாக இருப்பவள். எதிரில் வருபவர்களைப் பரிசோதித்தால், தேடுகிற நோயே தேடுபவள் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும். முடிவில் “இந்த விடுதியில் இரத்தசோகை குறைவு” என்று ஆய்வு சொல்லும். அதை நம்பி விடுதிச் சாப்பாட்டை யாரும் மாற்ற மாட்டார்கள்.

ரேண்டம் என்பது தோன்றியபடி அல்ல

நாம் பேச்சில் ரேண்டம் என்ற சொல்லை “தோன்றியபடி”, “கண்ணில் பட்டபடி” என்ற பொருளில் சொல்லிவிடுகிறோம். புள்ளியியலில் அதற்கு வேறு பொருள். பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தேர்வாவதற்குச் சமமான வாய்ப்பு இருக்க வேண்டும். அதனால்தான் தமிழ்ப் பாடநூல்களில் இதைச் சமவாய்ப்பு என்கிறார்கள். ரேண்டம் நம்பர் என்பது சமவாய்ப்பு எண்.

மனித மனத்தால் இதைச் செய்ய முடியாது. சோதனை வேண்டுமா? வீட்டில் உள்ளவர்களிடம் 1 முதல் 10 வரை ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். 1, 10 ஆகியவற்றைச் சொல்பவர்கள் மிகக் குறைவு. 7 என்று சொல்பவர்கள் அதிகம். 1 சொன்னால் அது தேர்ந்தெடுத்தது போல் தெரியாது என்று மனம் கணக்குப் போடுகிறது! கணக்குப் போட்டபின் அது எப்படிச் சமவாய்ப்பு ஆகும்?

நம் முன்னோர்களுக்கு இது தெரிந்திருந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை அவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கத் தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். எடுத்த ஓலையை மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்றுகூட அந்தக் கல்வெட்டு சொல்கிறது. விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது அல்லவா?

குலுக்கல் சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில், ராணுவத்திற்கு இளைஞர்களை எந்த வரிசையில் அழைப்பது என்று முடிவு செய்யப் பிறந்த தேதிகளை வைத்துக் குலுக்கல் நடத்தினார்கள். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். 366 தேதிகளையும் சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் போட்டு, ஒரு கண்ணாடி ஜாடியில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் வந்த தேதி செப்டம்பர் 14. குப்பிகளை ஜனவரி, பிப்ரவரி என்று மாத வரிசையில் பெட்டியில் சேர்த்திருந்தார்கள். நன்றாகக் கலக்கவில்லை. அதனால் நவம்பர், டிசம்பர் மாதங்களில் பிறந்தவர்களின் தேதிகள் அதிக அளவில் முன்னதாகவே வந்துவிட்டன. யார் போருக்குப் போவது, யார் வீட்டில் இருப்பது என்பதைப் பெட்டியைச் சரியாகக் குலுக்காத ஒரு கை தீர்மானித்தது. அடுத்த ஆண்டு நடந்த குலுக்கலில் சமவாய்ப்பு எண் அட்டவணைகளின் உதவியுடன் வரிசையை மாற்றி அமைத்தார்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

“ஒரு கல்லூரி ஆய்வுக்கு இத்தனை ஏற்பாடா?” என்று நீங்கள் கேட்கலாம். ஆய்வின் பலன் யாருக்குப் போகிறது என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற புதிய மருந்து வந்திருந்தது. பிரிட்டனில் அது மிகக் குறைவாகவே கிடைத்தது. எல்லா நோயாளிகளுக்கும் கொடுக்கப் போதாது. அங்குள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 107 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தியது. யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்று முடிவு செய்யும் பொறுப்பை டாக்டர்களிடம் விடவில்லை. ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியல் அறிஞர் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு முன்பே பிரித்து, ஒட்டிய உறைகளுக்குள் வைத்துவிட்டார். நோயாளியை ஆய்வில் சேர்த்த பிறகுதான் அவருக்கு உரிய உறையைப் பிரிப்பார்கள்.

ஏன் டாக்டரிடம் விடவில்லை? டாக்டர் கெட்டவர் என்பதால் அல்ல. நல்லவர் என்பதால்! மிகவும் முடியாமல் இருப்பவரைப் பார்த்து இரக்கப்பட்டு அவருக்கே மருந்தைக் கொடுப்பார். அல்லது மருந்து வீணாகக் கூடாது என்று பிழைக்கக் கூடியவருக்குக் கொடுப்பார். எப்படிச் செய்தாலும் இரண்டு பிரிவும் சமமாக இருக்காது. பிறகு ஒரு பிரிவு குணமானால், அது மருந்தால் குணமானதா, ஆளின் உடல்வாகால் குணமானதா என்று சொல்ல முடியாது.

ஆறு மாதம் கழித்துக் கிடைத்த முடிவு இது. மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தார்கள். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்திருந்தார்கள். 1948-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியானபோது, தேர்வில் குறை சொல்ல யாருக்கும் இடம் இருக்கவில்லை.

நம் சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. 1956-ல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். அங்கே எழுந்த முதல் கேள்வி, காசநோயாளியைச் சானடோரியத்தில் சேர்த்தே ஆக வேண்டுமா, வீட்டில் வைத்தே மருந்து கொடுக்க முடியாதா என்பது. நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்தில் ஓய்வு, நல்ல உணவு, நர்சுகளின் கவனிப்பு. மற்றவர்கள் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே இருந்து அதே மருந்துகளைச் சாப்பிட்டார்கள். ஓர் ஆண்டு முடிவில் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகி இருந்தார்கள். 1959-ல் வெளியான இந்த முடிவு, காசநோய் சிகிச்சையை உலகெங்கும் மாற்றியது. வசதி உள்ளவர்கள் சானடோரியத்திற்கும், இல்லாதவர்கள் வீட்டிற்கும் என்று பிரித்திருந்தால் இந்த முடிவை யாராவது நம்பியிருப்பார்களா?

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். பெரிய கூட்டத்தில் இருந்து சிலரைத் தேர்ந்தெடுப்பது ஒன்று. தேர்ந்தெடுத்தவர்களை இரண்டு பிரிவாகப் பிரிப்பது வேறொன்று. என் தங்கைக்குத் தேவைப்பட்டது முதல் வகை. காசநோய் ஆய்வுகளில் நடந்தது இரண்டாவது வகை. இரண்டுக்கும் கருவி ஒன்றுதான்: சமவாய்ப்பு எண்.

கம்ப்யூட்டர் எப்படிக் குலுக்குகிறது?

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு இதற்கென்று எண் அட்டவணைகள் அச்சிட்டு விற்றார்கள். 1927-ல் டிப்பெட் என்ற அறிஞர் 41,600 இலக்கங்கள் கொண்ட அட்டவணையை வெளியிட்டார். 1955-ல் அமெரிக்காவின் ரேண்ட் கார்ப்பரேஷன் பத்து லட்சம் இலக்கங்களை ஒரு தடிமனான புத்தகமாகவே போட்டது. பக்கம் பக்கமாக வெறும் எண்கள்!

இன்று அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. ஆனால் கம்ப்யூட்டருக்குக் குடம் ஏது, சிறுவன் ஏது? சொன்னதைச் சொன்னபடி செய்யும் இயந்திரம் அது. அதனால் ஒரு கணக்கின் மூலம் குலுக்குவது போல் செய்கிறது. சிறிய உதாரணம் ஒன்றைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

7 என்ற எண்ணில் தொடங்குங்கள். அதை 5-ஆல் பெருக்கி 3-ஐக் கூட்டுங்கள். 38 வரும். அதை 16-ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுங்கள். மீதி 6. இப்போது 6-ஐ வைத்து அதே கணக்கு. 33 வரும், மீதி 1. இப்படியே தொடர்ந்தால் 7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4 என்று வரும். 0 முதல் 15 வரை எல்லா எண்களும் ஒரு முறை வந்துவிட்டன. வரிசை கலைந்து இருக்கிறது. அடுத்து மீண்டும் 7 வந்து, பழைய வரிசையே திரும்புகிறது.

தொடங்கிய எண்ணை விதை என்பார்கள். விதையும் கணக்கும் தெரிந்தால் அடுத்த எண்ணைச் சொல்லிவிடலாம். ஆகவே இவை உண்மையான சமவாய்ப்பு எண்கள் அல்ல, அவற்றைப் போன்றவை. எக்ஸெல் 2010 பதிப்பில் இருந்து மெர்சென் ட்விஸ்டர் என்ற முறையைப் பயன்படுத்துகிறது. 1997-ல் ஜப்பானிய அறிஞர்கள் மட்சுமோதோ, நிஷிமுரா இருவரும் உருவாக்கிய முறை அது. நம் சிறிய கணக்கு 16 எண்களில் திரும்பிவிட்டது. இந்த முறையில் வரிசை திரும்புவதற்கு ஆகும் எண்களின் எண்ணிக்கையை எழுத 6,000-க்கும் மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும். விடுதியில் 60 பேரைத் தேர்ந்தெடுக்க இது தாராளமாகப் போதும்.

எக்ஸெலில் செய்வது எப்படி?

முதல் வேலை பட்டியல். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1936-ல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்குத் தபால் அனுப்பிக் கருத்துக் கேட்டது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினார்கள். லேண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. ஆனால் 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் பிடித்தார். தவறு எங்கே? முகவரிகளைப் பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரியில் இருந்தும் கார் பதிவுப் பட்டியலில் இருந்தும் எடுத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் போனும் காரும் இல்லாத ஏழைகள் பட்டியலிலேயே இல்லை. பதில் அனுப்பியதும் ஒரு பகுதியினர்தான். பட்டியலில் இல்லாதவரை எந்த எக்ஸெலும் தேர்ந்தெடுக்காது. எனவே வாட்ஸ்அப் குழுவில் உள்ள பெயர்களை எடுக்காமல், விடுதி அலுவலகத்தின் சேர்க்கைப் பதிவேட்டில் இருந்து பட்டியலை எடுக்கச் சொன்னேன்.

இனி எக்ஸெலைத் திறந்துகொள்ளுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பிலும் இதைச் செய்யலாம். மெனுக்கள் சற்று மாறும். வழி ஒன்றுதான்.

1. ஏ நெடுவரிசையில் வரிசை எண், பி நெடுவரிசையில் பெயர், சி நெடுவரிசையில் அறை எண். முதல் வரிசையில் தலைப்புகளைக் கொடுங்கள். நெடுவரிசைகளுக்கு நடுவே காலியிடம் விடாதீர்கள்.

2. டி நெடுவரிசையின் தலைப்பில் “குலுக்கல் எண்” என்று டைப் செய்யுங்கள். அதற்குக் கீழே டி2 செல்லில் கர்சரை வைத்து =ரேண்ட்() என்ற பார்முலாவைக் கொடுங்கள். ரேண்ட் என்பதை ஆங்கிலத்தில் ஆர், ஏ, என், டி என்ற நான்கு எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும். அடைப்புக்குறிக்குள் எதுவும் வேண்டாம். என்டர் தட்டியதும் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஒரு தசம எண் கிடைக்கும்.

3. அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் சிறிய சதுரப் புள்ளி இருக்கும். அதில் மவுஸ் கர்சரை வைத்து டபுள் கிளிக் செய்யுங்கள். பட்டியலின் கடைசிப் பெயர் வரை எண்கள் நிரம்பிவிடும்.

4. இதுதான் முக்கியமான படி. டி நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்யுங்கள். அதே இடத்தில் ரைட் கிளிக் செய்து பேஸ்ட் ஸ்பெஷல் தேர்ந்தெடுங்கள். கிடைக்கும் டயலாக் பாக்ஸில் வேல்யூஸ் என்பதைக் கிளிக் செய்து ஓகே கொடுங்கள். இப்போது பார்முலா போய், வெறும் எண்கள் மட்டும் தங்கும்.

5. பட்டியலுக்குள் ஏதாவது ஒரு செல்லில் கர்சரை வையுங்கள். டேட்டா டேப்பில் சார்ட் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். எந்த நெடுவரிசைப்படி என்ற இடத்தில் “குலுக்கல் எண்” என்று காட்டி ஓகே தட்டுங்கள்.

6. மேலே இருக்கும் முதல் 60 பெயர்கள்தான் உங்கள் ஆய்வில் பங்கேற்பவர்கள்.

ஐந்தாவது படியில் ஒரு பள்ளம் இருக்கிறது. டி நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு சார்ட் கொடுத்தால் எக்ஸெல் ஓர் எச்சரிக்கை காட்டும். பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்த்துக்கொள்ளவா என்று கேட்கும். சேர்த்துக்கொள் என்றே சொல்லுங்கள். வேண்டாம் என்றால் எண்கள் மட்டும் இடம் மாறும், பெயர்கள் பழையபடி இருக்கும். குலுக்காமலேயே குலுக்கியதாக நினைத்துக்கொள்வீர்கள்.

“1 முதல் 480 வரை எண் கொடுக்கும் ரேண்ட்பிட்வீன் என்ற பார்முலா இருக்கிறதே, அதை 60 முறை கொடுத்தால் போதாதா?” என்று சிலர் கேட்பார்கள். போதாது. ஒரே எண் இரண்டு முறை வரும். எட்டு பேருக்கு ஒருவர் என்று எண்ணி எடுக்கலாமா? அதிலும் கவனம் வேண்டும். அந்த விடுதியில் அறைக்கு நான்கு பேர். பதிவேடு அறைவாரியாக இருக்கிறது. ஒவ்வோர் அறையிலும் முதல் பெயர் அறைத் தலைவியுடையது. முதல் பெயரில் தொடங்கி எட்டு எட்டாகத் தாண்டினால் 60 அறைத் தலைவிகள் மட்டுமே கிடைப்பார்கள்!

நான் செய்த தவறு

மேலே நான்காவது படியை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், அதை நான் செய்யாமல் விட்டதுதான். தினமும் புரோகிராம் எழுதுகிறவன். ஆபீஸ் வேலைக்கு நடுவே அவசரமாகச் செய்து, டி நெடுவரிசையில் பார்முலாவை அப்படியே விட்டு, சார்ட் செய்து, பைலை இமெயிலில் அனுப்பிவிட்டேன்.

அன்று இரவு தங்கை போன் செய்தாள்.

“அண்ணா, சரியா வந்திருக்கான்னு பார்க்க இன்னொரு தடவை சார்ட் பண்ணினேன். பேரெல்லாம் மாறிடுச்சு!”

மாறத்தான் செய்யும். ரேண்ட் பார்முலா இருக்கும் ஒர்க் ஷீட்டில் நீங்கள் எந்தச் செல்லில் எதை டைப் செய்தாலும், எஃப்9 கீயைத் தட்டினாலும், பைலைத் திறந்தாலும்கூடப் புதிய எண்கள் வந்துவிடும். மறுபடி சார்ட் செய்தால் புதிய வரிசை கிடைக்கும். அதுவரை தொழில்நுட்பத் தவறு. அடுத்து அவள் கேட்டதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

“ஆனா இந்த லிஸ்ட் நல்லாயிருக்கு அண்ணா. நிறைய பேர் கீழ்த்தளத்துல இருக்காங்க. பாதிப்பேர் எனக்குத் தெரிஞ்ச ஜூனியர்ஸ். கூப்பிட்டா உடனே வருவாங்க. இதையே வெச்சுக்கலாமா? இதுவும் கம்ப்யூட்டர் கொடுத்ததுதானே?”

கம்ப்யூட்டர் கொடுத்ததுதான். ஆனால் “இது நல்லாயிருக்கு” என்று சொன்னது கம்ப்யூட்டர் அல்ல. பிடிக்கும் வரை எஃப்9 தட்டிவிட்டு, பிடித்த பட்டியல் வந்ததும் நிறுத்தினால், அது குலுக்கல் ஆகாது. கையால் பொறுக்கி எடுத்ததற்குக் கம்ப்யூட்டரின் கையெழுத்தை வாங்கியது போல் ஆகிவிடும். எதிரே வருகிறவர்களைக் கூப்பிடுவதைவிட இது மோசம். அங்கே குறை வெளியே தெரியும். இங்கே ஆய்வுக் கட்டுரையில் “சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டது” என்ற வரிக்குப் பின்னால் அது மறைந்துவிடும்.

இதை அவளுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “மூணாவது மாடி ஏறணுமே அண்ணா” என்றாள். ஏறத்தான் வேண்டும்.

நல்ல வேளையாக நான் அனுப்பிய இமெயிலில் முதல் பட்டியல் இருந்தது. பெயர்களின் வரிசை நான் சார்ட் செய்தபடியே இருந்ததால் முதல் 60 பெயர்கள் கலையவில்லை. அதைப் பிரின்ட் எடுத்து, தேதி போட்டு, அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியையிடம் கையெழுத்து வாங்கச் சொன்னேன். இரண்டாவது பட்டியலை அழித்துவிட்டோம்.

பட்டியல் வந்த பிறகு

குலுக்கல் முடிந்ததும் வேலை முடிந்துவிடாது. இவற்றையும் மனத்தில் வையுங்கள்.

பட்டியலில் வந்துவிட்டார் என்பதற்காக யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆய்வு எதற்கு என்று விளக்கி, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். மறுப்பது அவர் உரிமை.

ஒருவர் மறுத்தால் அவருடைய அறைத் தோழியைக் கூப்பிடாதீர்கள். 61-ஆவது பெயர், 62-ஆவது பெயர் என்று பட்டியலின் வரிசையிலேயே செல்லுங்கள். இப்படித்தான் செய்வோம் என்று தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். எத்தனை பேர் மறுத்தார்கள் என்பதையும் ஆய்வில் சொல்ல வேண்டும்.

கதவு பூட்டியிருந்தால் அது மறுப்பு ஆகாது. இன்னொரு நாள், இன்னொரு நேரத்தில் போக வேண்டும்.

குலுக்கலில் முதலாண்டு மாணவிகள் கொஞ்சம் கூடுதலாக வந்துவிட்டால் மறுபடி குலுக்காதீர்கள். எல்லா ஆண்டும் சரியான விகிதத்தில் வர வேண்டுமானால் அதை முன்பே திட்டமிட வேண்டும். முதலாண்டில் 200, இரண்டாம் ஆண்டில் 160, மூன்றாம் ஆண்டில் 120 பேர் என்றால், மூன்று தனிப் பட்டியல்களாகப் பிரித்து 25, 20, 15 என்று தனித்தனியே குலுக்கலாம். எல்லாமே எட்டில் ஒரு பங்குதான்.

தேர்ந்தெடுத்தவர்களை இரண்டு பிரிவாக்க வேண்டும் என்றால், 60 பெயர்களுக்கும் புதிதாக ரேண்ட் எண்கள் கொடுத்து, அதே ஆறு படிகளையும் மறுபடி செய்யுங்கள். முதல் 30 பேர் ஒரு பிரிவு, அடுத்த 30 பேர் மற்றொரு பிரிவு. யார் எந்தப் பிரிவு என்பதை, அவர்கள் சம்மதம் சொல்லும் வரை, அவர்களைச் சேர்ப்பவர் பார்க்கக் கூடாது. அந்தக் காலத்து ஒட்டிய உறையின் பொருள் இதுதான்.

குலுக்கிய பைலை வேறு பெயரில் சேவ் செய்து, அதில் கை வைக்காமல் பத்திரப்படுத்துங்கள். ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டியது போல், யார் கேட்டாலும் காட்டும்படி இருக்க வேண்டும். அதில் பிறருடைய பெயர்களும் பரிசோதனை முடிவுகளும் இருந்தால் பாஸ்வேர்டு கொடுத்து மூடி வையுங்கள். காட்டுவது குலுக்கலை மட்டும்தான், யாருடைய இரத்தம் எவ்வளவு என்பதை அல்ல.

தங்கையின் ஆய்வு முடிந்தது. முதல் 60 பேரில் மூன்று பேர் மறுத்தார்கள். 61, 62, 63 ஆகிய பெயர்களை எடுத்துக்கொண்டாள். மூன்றாவது மாடிக்குப் பல முறை ஏறினாள். அங்கே ஒரு பெண். காலையில் சீக்கிரம் பஸ் பிடிக்க வேண்டும் என்று டிபன் சாப்பிடாமல் போகிறவள். மாலையில் வந்ததும் படுத்துவிடுகிறவள். கர்ப்பமில்லாத பெண்களுக்கு 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தப் பெண்ணுக்கு அதைவிட மிகவும் குறைவாக இருந்தது. அன்றே டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். வராந்தாவில் எத்தனை நாள் நின்றிருந்தாலும் அவள் எதிரில் வந்திருக்க மாட்டாள். இரண்டாவது பட்டியலின் முதல் 60-லும் அவள் பெயர் இல்லை என்று தங்கை பிறகு சொன்னாள்.

குலுக்கல் எப்போதும் இப்படி ஒருவரைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது பட்டியலிலும் அப்படி ஒருத்தி இருந்திருக்கலாம். குலுக்கல் கொடுப்பது ஒன்றே ஒன்றுதான். படுத்திருப்பவளுக்கும் வராந்தாவில் நடப்பவளுக்கும் ஒரே அளவு வாய்ப்பு.

இன்றே உங்கள் கம்ப்யூட்டரில் முகவரிப் பட்டியலைத் திறந்து, ரேண்ட் பார்முலாவைக் கொடுத்துப் பத்துப் பெயர்களை எடுத்துப் பாருங்கள். வரும் பட்டியலைப் பார்த்ததும் “இன்னொரு தடவை தட்டலாமே” என்று கை எஃப்9 கீயைத் தேடும். தேடுகிறதா என்று கவனியுங்கள். அந்தக் கையைத் தடுப்பதற்குத்தான் நான்காவது படி.